முத்தத்துக்கு முன் மனமாற்றம்

ஆதியாகமத்தின் 41ஆம் அதிகாரத்தில் ஒரு கல்யாணச் செய்தி ஒரே வரியில் வந்து போகிறது. யோசேப்பை எகிப்தின் அதிகாரியாக்கிய பார்வோன், ஓன் பட்டணத்து ஆசாரியன் போத்திபிராவின் மகள் ஆஸ்நாத்தை அவருக்கு மணமுடித்துக் கொடுக்கிறான். பெண் சம்மதித்தாளா, மாப்பிள்ளையை முன்பே பார்த்திருந்தாளா என்றெல்லாம் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்து யூத வாசகர்களை இந்த வரி உறுத்தியது. ஒழுக்கத்துக்கே எடுத்துக்காட்டான யோசேப்பு, விக்கிரகக் கோயில் பூசாரியின் மகளை எப்படிக் கட்டிக்கொண்டார்?

பெயர் தெரியாத ஒருவர் இந்த உறுத்தலுக்கு விடையாக ஒரு கதை எழுதினார். ‘யோசேப்பும் ஆஸ்நாத்தும்’ என்று இன்று வழங்கும் அந்தக் கிரேக்கக் கதை, கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. கோபுர மாளிகையில் வாழும் ஆஸ்நாத் ஆண்களையே மதிக்காதவள். யோசேப்பைப் பற்றியும் இளக்காரமாகத்தான் பேசுகிறாள். சாளரம் வழியாக அவரைப் பார்த்த மறுகணம் எல்லாம் தலைகீழாகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சகோதரனாக எண்ணி முத்தமிட்டு வரவேற்கும்படி தகப்பன் சொல்கிறார். நெருங்கி வரும் பெண்ணின் மார்பில் கைவைத்து யோசேப்பு தடுத்து நிறுத்துகிறார். ஜீவனுள்ள தேவனைத் துதிக்கும் வாய், சிலைகளை வணங்கும் வாயை முத்தமிடக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். ஆஸ்நாத் விக்கிரகங்களைச் சாளரம் வழியே வீசி எறிகிறாள். ஏழு நாள் சாம்பலில் கிடந்து அழுகிறாள். வானத்திலிருந்து தூதர் வருகிறார், தேன்கூடு வருகிறது, தேனீக்கள் வருகின்றன. அதற்குப் பிறகுதான் முத்தம். அதற்கும் பிறகு கல்யாணம்.

அமெரிக்கக் கிறித்தவப் புத்தகக் கடைகளில் அட்டையில் பாவாடை காற்றில் பறக்க, கோதுமை வயல் பின்னால் விரிய, ஒரு பெண் நிற்பாளே, அந்த நாவல்களின் முழு இலக்கணமும் இந்தப் பழங்கதையிலேயே இருக்கிறது. கடந்த காலம் வேண்டும். காதல் வேண்டும். காதலுக்குக் குறுக்கே நிற்பது வில்லனாகவோ வறுமையாகவோ மட்டும் இருந்தால் போதாது, விசுவாசமாக இருக்க வேண்டும். ஒருவர் மனம் திரும்பும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டும். இங்கே பேசப்படுவது அந்த வகை நாவல்களை வாசிப்பது பற்றி. அவற்றை இளக்காரம் செய்வது சுலபம். செய்கிறவர்களுக்குக் குறைவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அவை வேறுவிதமாகத் திறந்துகொள்கின்றன. காதலுக்காகத் தன் பழைய உலகத்தை விட்டு அந்தப் பக்கம் போகிறவர் யார்? எப்போதும் அவரேதானா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி வெளிப்படையான சண்டையாகவே நடந்தது. 1853இல் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் போதகர் சார்ல்ஸ் கிங்ஸ்லி ‘ஹைபேஷியா’வை வெளியிட்டார். ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் கதை என்ற பெயரில் தம் காலத்துக் கத்தோலிக்கர்களை அவர் சாடியிருந்தார். மறு வருடமே வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் வைஸ்மன் ‘ஃபபியோலா’ என்ற நாவலோடு பதிலுக்கு வந்தார். செருக்கு மிகுந்த ரோமாபுரிச் சீமாட்டி ஒருத்தி, வேதக் கலாபனைக் காலத்து மறைசாட்சிகளைப் பார்த்து மனம் மாறும் கதை அது. ஒரு கர்தினால் உட்கார்ந்து நாவல் எழுதுகிறார் என்றால், மக்களை எங்கே பிடிக்கலாம் என்று திருச்சபைக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவில் அதே வேலையை ஜோசப் ஹோல்ட் இங்கிரகாம் செய்தார். கடற்கொள்ளையர் கதைகளை மலிவுப் பதிப்புகளில் எழுதித் தள்ளிய அவர், பிறகு எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானார். 1855இல் இயேசுவின் காலத்தை வைத்து ‘தாவீது வம்சத்து இளவரசர்’ என்ற நாவலை எழுதினார். அது அமோகமாக விற்றது. 1860இல் மிசிசிப்பி மாநிலத்துத் தம் கோயிலிலேயே கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தார். கடற்கொள்ளையர் கதைக்குப் பொருத்தமான முடிவு.

லூ வாலஸின் ‘பென்-ஹர்’ 1880இல் வந்தது. உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதியாக இருந்த வாலஸ், 1876இல் ஒரு ரயில் பயணத்தில் புகழ்பெற்ற நாத்திகப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சாலிடம் மாட்டிக்கொண்டார். இங்கர்சால் அடுக்கிக்கொண்டே போன கேள்விகளுக்குத் தம்மிடம் பதிலே இல்லை, சொந்த மதத்தைப் பற்றியே தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற வெட்கம்தான் நாவலை எழுதத் தூண்டியது என்று பிறகு சொன்னார். அப்போது அவர் பாலஸ்தீனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை; நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராக சாண்டா ஃபேயில் இருந்தபடி வரைபடங்களையும் நூல்களையும் வைத்து எழுதி முடித்தார். தேரோட்டப் போட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாயகன் கடைசியில் எகிப்திய அழகி ஐராசை விட்டு அடக்கமான எஸ்தரைத் தேர்ந்தெடுப்பதும் கதையின் அச்சாணிதான். யாரை மணப்பது என்பது எந்தப் பக்கம் நிற்பது என்பதன் மறுபெயர். போலந்தின் ஹென்றிக் சியென்கியெவிச் எழுதிய ‘குவோ வாடிஸ்’ 1896இல் நூலானது. அதில் ரோம வீரன் வினிசியஸ், கிறித்தவப் பெண் லிகியாவை முதலில் பலவந்தமாக அடையப் பார்க்கிறான், கடைசியில் அவளுடைய தேவனிடமே வந்து சேர்கிறான். ஆசிரியருக்கு 1905இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது கிறித்தவர்களுக்கு மட்டும் சொந்தமான கதை இல்லை. லக்னோவின் அப்துல் ஹலீம் ஷரர், வால்டர் ஸ்காட்டின் சிலுவைப் போர் நாவலான ‘தி டாலிஸ்மன்’ படித்துக் கொதித்துப் போனார். முஸ்லிம்களை இப்படியா காட்டுவது என்ற கோபத்தில் தம் ‘தில்குதாஸ்’ இதழில் 1888இல் ஒரு தொடர்கதை எழுதினார். ‘மலிக்குல் அஜீஸ் வர்ஜினா’ என்ற அந்தக் கதையில் சலாவுதீனின் மகனுக்கும் ஐரோப்பியக் கிறித்தவப் பெண் வர்ஜினாவுக்கும் காதல். உருது மொழியில் சரித்திர நாவல் என்ற வகைக்கு வழி திறந்த நூல்களில் ஒன்று அது. கைரோவில் ‘அல்-ஹிலால்’ இதழை நடத்திய ஜுர்ஜி ஸைதான் இன்னும் வினோதம். லெபனானில் பிறந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரான அவர், இஸ்லாமிய வரலாற்றை வைத்தே இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். சரித்திரத்தைச் சுவைபடச் சொல்லக் காதல் கதை அவருக்கு உதவியது. ஆள் மாறலாம், மதம் மாறலாம். கதையின் சாரம் அதேதான்.

இன்றைய வடிவத்தை அமைத்தவர் கனடாவின் ஜேனட் ஓக். ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1935இல் பிறந்தவர்; போதகரின் மனைவி. இவருடைய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ 1979இல் பெத்தனி ஹவுஸ் வெளியீடாக வந்தது. மினியாபொலிசில் மிஷனரிப் பயிற்சி நடத்திய ஒரு கூட்டுவாழ்வு இயக்கத்திலிருந்து முளைத்த பதிப்பகம் அது. காதல் நாவல் அச்சிடுவதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

கதை எளியது. மேற்கே குடியேறப் போகும் வழியில் மார்ட்டியின் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான். அவள் வயிற்றில் குழந்தை, குளிர்காலமோ நெருங்குகிறது. அடக்கம் நடந்த அன்றே அந்நியன் ஒருவன், கிளார்க், வந்து நிற்கிறான். அவன் மனைவியை இழந்தவன்; சின்னஞ்சிறு மகள் மிஸ்ஸிக்குத் தாய் தேவை. இருவரும் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்ளலாம், வசந்தம் வந்ததும் விருப்பமில்லையென்றால் ஊருக்குத் திரும்பப் பயணச் செலவு தருகிறேன் என்கிறான். மார்ட்டிக்கு அவனையும் பிடிக்கவில்லை, அவனுடைய ஜெபத்தையும் பிடிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கோழி உரிப்பதும் காப்பி போடுவதும் துணி துவைப்பதுமாகக் கதை நகர்கிறது. காதல் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. அதைவிட முக்கியம், விசுவாசம் எப்போது வந்தது என்றும் தெரியாது.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் உடலுறவு கூடாது என்று வைத்துக்கொண்ட எழுத்தாளருக்குப் பெரிய தொழில் சிக்கல் இருக்கிறது. இருவரையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும், தினமும் உரச வைக்க வேண்டும், ஆனால் பாவம் நடக்கக் கூடாது. பெயரளவுக் கல்யாணம் அத்தனையையும் ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. இன்னொரு விதியும் உண்டு. அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதீர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகள் கல்யாண விதியாகவே எடுத்துக்கொண்டன. ஆகவே நாயகனோ நாயகியோ விசுவாசத்துக்கு வெளியே இருந்தால், அவர் உள்ளே வரும்வரை கதை முடியாது. விதிகள் எழுத்தாளரின் கையைக் கட்டிவிட்டன என்று விமர்சகர்கள் சொல்வார்கள். உண்மையில் கதைக்கு முடிச்சுப் போட்டுத் தருவதே அந்த விதிகள்தாம். படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இருநூறு பக்கம் ஒரு முத்தத்தை ஒத்திப்போடும் கலை வாய்ப்பதில்லை.

சரித்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் விடை இங்கேதான். 1979இன் அமெரிக்க நகரத்தில் இப்படி இரண்டு பேரை வைத்து எழுதினால் நம்ப மாட்டார்கள். புல்வெளிச் சமவெளியின் மரக்குடிலில் வைத்தால் கற்பும் ஜெபமும் சூழலின் இயல்பாகவே தெரியும். ஆனால் அந்தச் சூழலின் சரித்திரம் முழுசாக உள்ளே வருவதில்லை. 1862ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தன் பெயரிலேயே 160 ஏக்கர் கேட்டு விண்ணப்பிக்கலாம். பல பெண்கள் அப்படித் தனியாகவே நிலம் எடுத்து உழுதார்கள். சமவெளிக் காதல் நாவல்களில் அந்தப் பெண்கள் அரிதாகவே தென்படுவார்கள். தென்பட்டாலும் கடைசி அத்தியாயத்துக்குள் பக்கத்து நிலத்துக்காரன் வந்துவிடுவான்.

ஓக்கின் நூல்கள் மொத்தமாக மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் போயின. 2003இல் ஹால்மார்க் தொலைக்காட்சி ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யைப் படமாக்கியது. அவருடைய இன்னொரு நாவலை வைத்து 2014இல் தொடங்கிய ‘வென் கால்ஸ் த ஹார்ட்’ தொடர் பத்தாண்டு தாண்டியும் ஓடுகிறது.

பிரான்சின் ரிவர்ஸ் இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே வழக்கமான, சூடான காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1986இல் ‘மறுபடியும் பிறந்த’ கிறித்தவரானார். அதன் பிறகு எழுதிய முதல் நாவல் ‘ரிடீமிங் லவ்’. 1991இல் பான்டம் என்ற பொதுப் பதிப்பகம் வெளியிட்டது. திருத்திய பதிப்பை 1997இல் மல்ட்னோமா என்ற கிறித்தவப் பதிப்பகம் கொண்டுவந்த பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது.

பழைய ஏற்பாட்டின் ஓசியா தீர்க்கதரிசி, ஒழுக்கம் தவறிய கோமேரை தேவனின் கட்டளைப்படி மணந்தார். ஓடிப்போகும் பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்ட கதையும் அதே ஆகமத்தில் வருகிறது. ரிவர்ஸ் இதைத் தூக்கி 1850இன் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில் போட்டார். சிறுவயதிலேயே விற்கப்பட்டு விலைமகளான ஏஞ்சல். அவளை மணந்துகொள்ளும்படி தேவன் சொன்னதாக நம்பும் விவசாயி மைக்கேல் ஹோசியா. அவள் ஓடுகிறாள், அவன் கூட்டி வருகிறான், மறுபடி ஓடுகிறாள். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் எப்படி யோசிப்பாள் என்பதை சபை வாசகியர் முன்னால் இத்தனை நேராக வைத்த நூல் அதற்கு முன் கிறித்தவக் கடைகளில் அரிது. அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது. பலவீனமும் உண்டு: மைக்கேல் தவறே செய்யாதவன், கிட்டத்தட்ட தேவனின் நகல். தேவனுக்கு ஈடாக ஒரு புருஷனை வைத்துவிட்டால், அவன் பேச்சை மறுக்கும் பெண் தேவனையே மறுக்கிறாள் என்றாகிவிடுகிறது. மறுப்பதற்கு அவளுக்கு நியாயமான காரணம் இருந்தால் என்ன செய்வது? இந்த நாவலை உருகிப் படித்த பெண்களிலேயே பலர் பின்னாளில் எழுப்பிய கேள்வி இது.

நாவல் காட்டாத இன்னொன்றும் இருக்கிறது. கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள்தொகை 1846இல் சுமார் 1,50,000. 1870 வாக்கில் சுமார் 30,000. நோயும் பட்டினியும் திட்டமிட்ட கொலைகளும் அதற்குக் காரணங்கள். மைக்கேல் ஏர் ஓட்டும் பள்ளத்தாக்கில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டால் கதையின் ஏதேன் தோட்டம் கொஞ்சம் ஆடும்.

தொண்ணூறுகளில் சந்தை பெருகியது. பார்பர் பதிப்பகம் 1992இல் ‘ஹார்ட்சாங் பிரசென்ட்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கித் தபால் சந்தாவில் அனுப்பியது. மதச்சார்பற்ற காதல் நாவல்களின் பேரரசான ஹார்லிகின் 1997இல் கிறித்தவ வரிசைக்கென ஸ்டீப்பிள் ஹில் என்ற தனிப் பெயரை உருவாக்கியது. 2008இல் சரித்திரக் காதலுக்கென்றே ‘லவ் இன்ஸ்பயர்ட் ஹிஸ்டாரிக்கல்’ வந்தது, பத்தாண்டில் நின்றும் போனது. அதே 1997இல் பெவர்லி லூயிசின் ‘தி ஷன்னிங்’ வெளிவந்து ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தை வைத்து எழுதும் காதல் கதைகளின் அலையைக் கிளப்பியது. இந்த நூல்களை விற்ற கடைகளின் கதை சோகமானது: ஃபேமிலி கிறிஸ்டியன் ஸ்டோர்ஸ் 2017இல் தன் 240 கடைகளையும், லைஃப்வே 2019இல் தன் 170 கடைகளையும் மூடின.

படிக்கிறவர்கள் யார், ஏன் படிக்கிறார்கள்? லின் நீல் என்ற சமயவியல் ஆய்வாளர் இவாஞ்சலிக்கல் வாசகியரையும் எழுத்தாளர்களையும் நேரில் கண்டு பேசி, 2006இல் ‘ரொமான்சிங் காட்’ என்ற நூலை வெளியிட்டார். ஏமாந்தவர்களாக அந்தப் பெண்கள் தெரியவில்லை. கதை சூத்திரத்தில் ஓடுகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சூத்திரம் தெரிந்ததால்தான் நிம்மதியாகப் படிக்க முடிகிறது. பிரசங்க மேடை ஆண்களின் கையில் இருக்கும் சபைகளில், பெண் எழுதி, பெண் படித்து, பெண் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு வேதபாடம் இந்த நாவல்களில் நடக்கிறது. இறையியல் பேராசிரியர்கள் இதைக் கவனிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டதற்கு அட்டைப்படங்கள் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் 2015இல் அட்டைப்படத்தோடு நிற்காத ஒரு சண்டை வெடித்தது. கேட் பிரெஸ்லினின் ‘ஃபார் சச் எ டைம்’ முந்தைய வருடம் வெளியான நாவல். எஸ்தர் ஆகமத்தின் மறுசொல்லல். எஸ்தருக்கு இன்னொரு பெயர் ஹதாசா. தமிழ் வேதாகமத்தில் அத்சாள். நாவலின் ஹதாசா, தன் அடையாளத்தை மறைத்து வாழும் யூதப் பெண். அகாஸ்வேரு ராஜாவின் இடத்தில் இருப்பவன் தெரேசியென்ஸ்டாட் முகாமின் நாஜித் தளபதி. அவள் கைக்கு ஒரு கிறித்தவ வேதாகமம் அற்புதமாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது, தளபதியின் மனம் இளகுகிறது, காதல் மலர்கிறது. அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் தன் ரீட்டா விருதுக்கு இரண்டு பிரிவுகளில் இறுதிச் சுற்றுக்கு இதைத் தேர்ந்தெடுத்திருந்தது.

தெரேசியென்ஸ்டாட் எப்படிப்பட்ட இடம்? ஏறக்குறைய 1,40,000 யூதர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே செத்தார்கள். கிட்டத்தட்ட 88,000 பேர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது வீடுகளுக்கு வெள்ளையடித்து, கடைகள் வைத்து ஏமாற்றிய முகாமும் அதுதான். அங்கே மாட்டிக்கொண்ட ஒருத்திக்கும் அவளைக் கொல்லும் அதிகாரம் கொண்டவனுக்கும் நடுவில் சம்மதம் என்ற ஒன்று இருக்க முடியுமா? சங்கத்துக்குப் பகிரங்கக் கடிதங்கள் போயின. எதிர்த்தவர்கள் கேட்டது இரண்டு: யூதர்களை அழித்த வரலாறு ஏன் ஒரு நாஜியின் மீட்புக்குப் படிக்கல்லாக வேண்டும்? அந்தப் பக்கம் நகர வேண்டியவள் ஏன் யூதப் பெண்? பல நூற்றாண்டுகளாகக் கட்டாய மதமாற்றத்தைக் கண்ட ஒரு சமூகத்திடம் அந்த நகர்வைப் பரிசாக நீட்டியதுதான் வேதனை.

ஆறு வருடம் கழித்து அதே சங்கம் அதே பள்ளத்தில் விழுந்தது. இனவெறிக் குற்றச்சாட்டுகளால் சங்கமே ஆட்டம் கண்ட பிறகு, ரீட்டா என்ற பெயரை மாற்றி, சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான கறுப்பினப் பதிப்பாசிரியர் விவியன் ஸ்டீவன்ஸ் பெயரை விருதுக்கு வைத்திருந்தார்கள். 2021இல் முதல் முறையாக வழங்கிய விவியன் விருதுகளில், சமயக் காதல் பிரிவில் கேரன் விட்மேயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ வென்றது. நாயகன் வூண்டட் நீயில் பங்கெடுத்த குதிரைப்படைக் கேப்டன். 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவில், அமெரிக்கப் படை லக்கோட்டா பழங்குடி மக்களைச் சுற்றிவளைத்துச் சுட்ட இடம் அது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 250க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாவலில் அது நாயகனின் மனச்சாட்சியை உலுக்கும் முன்கதை. அவன் வருந்துகிறான், படையை விட்டு விலகுகிறான், டெக்சாசில் நல்ல பெண் மருத்துவர் ஒருவரிடம் காதலையும் அமைதியையும் காண்கிறான். செத்தவர்களுக்கு முகமில்லை. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களுக்குள் சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது.

மனம் வருந்தியவனுக்கு மன்னிப்பு உண்டு என்பது கிறித்தவத்தின் அடிப்படை. அதை நாவலில் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை உள்ளவர்களைக் கதைக்குள்ளேயே விடாமல், நாயகியின் முத்தத்தையே மன்னிப்புச் சீட்டாகக் கொடுத்துவிட்டால், ஆன்மிகக் கணக்கும் சரிவராது, சரித்திரக் கணக்கும் சரிவராது.

இதே வகைக்குள் நின்றுகொண்டே கணக்கைச் சரியாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். பைப்பர் ஹியூக்லி கறுப்பின எழுத்தாளர்; இலக்கியப் பேராசிரியர். 2014இல் தாமே வெளியிட்ட ‘தி ப்ரீச்சர்ஸ் ப்ராமிஸ்’, 1866இன் ஜார்ஜியாவில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம். ஒபர்லின் கல்லூரியில் படித்த அமாண்டா, விடுதலை பெற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மில்ஃபோர்ட் என்ற சிற்றூருக்கு வருகிறாள். எதிரே வெர்ஜில், முன்னாள் அடிமை, கொல்லன், போதகன். ஒபர்லின் 1835இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய கல்லூரி. ஆகவே அமாண்டா கற்பனை என்றாலும் அவள் வந்த பாதை நிஜம்.

இந்த நாவலில் கல்யாணம் என்ற சடங்குக்கே கனம் கூடிவிடுகிறது. அடிமை முறையில் கறுப்பினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது; எஜமான் விற்றால் புருஷன் ஒரு மாநிலத்திலும் பெண்டாட்டி இன்னொரு மாநிலத்திலும் போய் விழுவார்கள். விடுதலைக்குப் பின் அரசின் ஃப்ரீட்மென்ஸ் பீரோ அலுவலகங்களில், பல வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள்கூட வரிசையில் நின்று திருமணச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ பத்திரிகையில், விற்கப்பட்டுப் பிரிந்த தாயையும் கணவனையும் பிள்ளைகளையும் தேடும் விளம்பரங்கள் போர் முடிந்து பல ஆண்டுகள் வரை வந்துகொண்டிருந்தன. ஞாயிறு ஆராதனையில் அவற்றை உரக்கப் படிக்கும்படி போதகர்களைக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இங்கே போதகனின் ஆசீர்வாதத்தோடு நடக்கும் கல்யாணம், காதலுக்கு விதி போட்ட வேலி இல்லை. சட்டம் மறுத்த உரிமையைச் சட்டத்திடமிருந்தே எழுதி வாங்குவது. யாரும் தன் மக்களை விட்டு அந்தப் பக்கம் போக வேண்டியதும் இல்லை. ஹியூக்லி இந்த வரிசையை மேலும் நூல்களாக வளர்த்தார். மில்ஃபோர்டில் ஒரு கல்லூரியே எழும்புகிறது.